அடுத்த அலை வருவதற்கு முன்: சின்ன வைத்தியசாலையை ஆயத்தப்படுத்த ஸ்டோர்ஸ்காரன் எழுதும் முழு வழிகாட்டி

2021 ஆகஸ்டில், டெல்டா அலை உச்சத்தில் நின்றபோது, எங்கள் ஸ்டோர்ஸில் முதலில் தீர்ந்தது ஒட்சிசன் இல்லை, என்95 மாஸ்க்கும் இல்லை. விரலில் குத்திச் சீனி பார்க்கிற ஸ்ட்ரிப்.

காரணம் எளிது. ஒட்சிசன் தேவைப்படுகிற கொவிட் நோயாளிக்கு டெக்சாமெதசோன் நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் வரை கொடுப்பது அப்போது எல்லா இடத்திலும் வழக்கம். 2020 ஜூனில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு அந்த மருந்து உயிர் காக்கிறது என்று காட்டியதிலிருந்து அப்படித்தான். ஆனால் அது சீனியைக் கண்டபடி ஏற்றும். 20 நோயாளிகளுக்கு நாளுக்கு நாலு தரம் பார்த்தால் 80 ஸ்ட்ரிப் போகும். முன்பெல்லாம் 50 ஸ்ட்ரிப் பெட்டி ஒன்று எங்களுக்கு மூன்று நாள் வரும். சனிக்கிழமை இரவு வாட்டு சிஸ்டர் போன் எடுத்து, "தம்பி, ஸ்ட்ரிப் ஏழுதான் இருக்கு, விடிய என்ன செய்யிறது?" என்றார். மறுநாள் வெள்ளவத்தையிலிருந்து மருதானை வரைக்கும் பார்மசி பார்மசியாக ஓட்டோவில் ஏறி இறங்கி, கடைசியில் கொட்டாஞ்சேனையில் நாலு பெட்டி கிடைத்தது. அதுவும் எங்கள் மீற்றருக்குப் பொருந்தாத வகை, அதனால் மீற்றரையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

அந்த நாட்களில் எந்தச் செய்தியைத் திறந்தாலும் எத்தனை வென்டிலேட்டர், எத்தனை கட்டில் என்றுதான் பேச்சு. உள்ளே இருந்து பார்த்தவனுக்குத் தெரிந்தது வேறு. யாரும் எண்ணாமல் விட்ட பொருளில்தான் வைத்தியசாலை தடுக்கி விழுகிறது. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. கொழும்பில் 20 முதல் 100 கட்டில் வரையுள்ள இடங்களில் ஸ்டோர்ஸ், ரோஸ்டர், வாட்டுப் பொறுப்பு பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய அரச வைத்தியசாலைக்காரர்களுக்கு இதில் பாதி பழைய கதை.

1. எத்தனை இருக்கிறது என்று கேட்பதை நிறுத்துங்கள்

ஸ்டோர்ஸில் எல்லோரும் கேட்கிற கேள்வி "கவுன் எத்தனை இருக்கு?". 600 இருக்கிறது என்பது பதிலே இல்லை. சாதாரண நாளில் அது நாலு மாதத்துக்கு வரும், அலை அடிக்கிறபோது மூன்று வாரத்தில் முடியும். ஆகவே பின் கார்ட்டில், அதாவது ஒவ்வொரு பொருளின் வரவு செலவு எழுதுகிற அட்டையில், இருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் போடுங்கள்: எத்தனை நாளைக்கு. கடந்த ஏழு நாள் போன எண்ணிக்கையை ஏழால் வகுத்தால் நாள் பாவனை. இருப்பை அதால் வகுத்தால் எத்தனை நாள் என்று வரும். இவ்வளவுதான் கணக்கு. ஆனால் அலை ஏறும்போது ஏழு நாள் சராசரி உங்களை ஏமாற்றும், ஏனென்றால் கடந்த வாரம் குறைவாகப் போயிருக்கும். அப்போது கடைசி மூன்று நாளை மட்டும் எடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர்டர் கொடுத்தால் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதையும் எழுதுங்கள், விற்பனைப் பிரதிநிதி சொல்கிற நாளை இல்லை, கடந்த மூன்று தரமும் உண்மையில் எடுத்த நாளை. இருக்கிற நாள் வருகிற நாளைவிடக் குறைந்தால் சிவப்பு. எங்களிடம் கம்ப்யூட்டர் இருந்தது, ஆனாலும் நான் இதைச் சி.ஆர். கொப்பியில் சிவப்புப் பேனையால்தான் எழுதினேன். டிரெக்டர் வந்து கொப்பியைப் பார்ப்பார், ஸ்கிரீனைப் பார்க்க மாட்டார்.

2. ஒரு பொருள் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வரும்

சீனி ஸ்ட்ரிப்பில் நான் பட்ட பாடு இதுதான். ஒரு சிகிச்சை கூடும்போது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு என்னென்ன வரும் என்று முன்கூட்டி உட்கார்ந்து எழுத வேண்டும். இதை ஸ்டோர்ஸ்காரர் தனியாகச் செய்ய முடியாது. வாட்டு சிஸ்டர், மருந்தாளர், மயக்க மருந்து டொக்டர், எக்ஸ்ரே எடுப்பவர் எல்லோரையும் ஒரு மேசையில் இருத்தி, ஒரு நோயாளி வாசலில் இறங்கியதிலிருந்து வீட்டுக்குப் போகும்வரை அவர் உடம்பைத் தொடுகிற ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மணித்தியாலம் போகும். போகட்டும்.

வென்டிலேட்டரை எடுங்கள். மெஷின் ஒன்று வாங்கினால் அதோடு மயக்கத்தில் வைத்திருக்க மிடாசொலம், பென்டனில், தசையைத் தளர்த்த அட்ராகியூரியம், சளி இழுக்கிற கதீற்றர், வடிகட்டி, குழாய்த் தொகுதி, இவற்றைச் செலுத்த சிரிஞ்ச் பம்ப், பம்ப்புக்கு 50 மில்லிலீற்றர் சிரிஞ்ச் எல்லாம் வேண்டும். 2020 முதலாவது அலையிலேயே பல நாடுகளில் மயக்க மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தது. அதேபோல் இரத்தம் கட்டாமல் இருக்க எனொக்சபரின் போடுவார்கள், ஊசியோடு பாவித்த ஊசியைப் போடுகிற பெட்டியும் நிறையும். குப்புறப் படுக்க வைத்தால் தலையணை வேண்டும், முகத்தில் புண் வராமல் ஒட்டுகிற பட்டை வேண்டும். ஒரு ஆளைக் குப்புறத் திருப்ப ஐந்து பேர் வேண்டும் என்பதையும் இங்கேயே எழுதிவிடுங்கள், அது ஆட்கள் பற்றிய நாலாவது பகுதியில் வந்து கடிக்கும்.

கையுறைக்கு ஒரு கணக்குக் காட்டுகிறேன். 10 கட்டில் கொவிட் வாட்டு. எந்த நேரமும் உள்ளே நாலு பேர், நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உடை மாற்றம் என்றால் 24 செட். டொக்டர் ரவுண்ட், எக்ஸ்ரே, சாப்பாடு, துப்புரவு எல்லாம் சேர்த்து இன்னும் 10 போட்டால் நாளுக்கு ஏறத்தாழ 35 செட் கவுன். உள்கையுறை 35 சோடி. வெளிக்கையுறை நோயாளிக்கு நோயாளி மாற்ற வேண்டும். ஒரு நோயாளியை நாளில் 12 தரம் தொட்டால் 120 சோடி. மொத்தம் 155 சோடி, 310 கையுறை, அதாவது மூன்று பெட்டிக்கும் சற்று மேல். பெட்டியில் 100 என்று எழுதியிருப்பது சோடி இல்லை, தனித்தனி. இதைத் தப்பாக எண்ணி ஓர்டர் போட்டவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன். சைஸையும் கவனியுங்கள். எங்கள் தாதியரில் பெரும்பாலானோருக்கு ஸ்மோல், மீடியம்தான். கம்பனி கையில் இருக்கிறது என்று லார்ஜை அனுப்பிவிடும், இரண்டு சைஸ் பெரிய கையுறையோடு நரம்பு பிடித்துப் பாருங்கள், தெரியும்.

எங்கே செய்கிறார்கள் என்பதும் முக்கியம். அப்போது உலகத்தின் கையுறையில் பெரும்பங்கு மலேசியாவில்தான் உற்பத்தியானது, 2020 நவம்பரில் அங்கே தொழிலாளர் விடுதிகளில் தொற்றுப் பரவி ஆலைகள் மூடியபோது இங்கே விலை எகிறியது. கவுன் பரவாயில்லை, நம் ஆடைத் தொழிற்சாலைகளே தைத்துக் கொடுத்தன. ஒவ்வொரு பொருளுக்கும் இங்கே செய்வதா, கப்பலில் வருவதா என்று ஒரு குறி போட்டு வையுங்கள். கப்பலில் வருவதற்கு 90 நாள் இருப்பு, இங்கே கிடைப்பதற்கு 30 நாள் என்பது என் கணக்கு. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துக்கே எல்.சி., அதாவது இறக்குமதிக்கு வங்கி தருகிற நாணயக் கடிதம், திறக்க முடியாமல் போனபோது 90 நாளும் போதாமல்தான் போனது.

என்95 பற்றிச் சுருக்கமாக. முகத்தில் இறுகப் பொருந்தாவிட்டால் அது விலை கூடிய துணி. ஆளுக்கு ஆள் பொருத்திப் பார்த்து, எவருக்கு எந்த வகை என்று பட்டியல் வையுங்கள். தட்டுப்பாடு வந்தால் ஆளுக்கு ஐந்து மாஸ்க், ஐந்து காகிதப் பை, பையில் பெயர், நாளுக்கு ஒன்றாகச் சுழற்சி. பொலித்தீன் பையில் போட்டால் ஈரம் நிற்கும்.

கைக்கிருமிநீக்கி வெளியில் கிடைக்காவிட்டால் உலக சுகாதார அமைப்பின் கலவையை மருந்தாளரே செய்யலாம்: 96 வீத எதனோல் 8,333 மில்லிலீற்றர், 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் 417, 98 வீத கிளிசரோல் 145, மிச்சம் கொதித்தாறிய நீர், மொத்தம் 10 லீற்றர். 72 மணித்தியாலம் வைத்துவிட்டுப் பாவியுங்கள். எதனோல் என்று சொல்லி மெதனோலை விற்பவர்கள் அந்தக் காலத்தில் முளைப்பார்கள், பரிசோதனைச் சான்று இல்லாமல் கான் ஒன்றைக்கூட உள்ளே எடுக்காதீர்கள்.

3. ஒட்சிசன்: கூட்டல் தெரிந்தால் போதும், ஆனால் கூட்ட வேண்டும்

நேரடியாகக் கணக்குக்கே வருகிறேன். 10 நோயாளிகள். ஐந்து பேர் மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 3 லீற்றர், மூன்று பேர் மாஸ்க்கில் 10, இரண்டு பேர் பை வைத்த மாஸ்க்கில் 15. கூட்டினால் 75 லீற்றர். ஒரு நாளில் 1,440 நிமிடம், ஆக 1,08,000 லீற்றர். பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 6,800 லீற்றர் இருக்கும். நாளுக்கு 16 சிலிண்டர். இதில் ஒரே ஒரு நோயாளியை ஹை ப்ளோ மெஷினுக்கு மாற்றி, அது நிமிடத்துக்கு 60 லீற்றர் முழு ஒட்சிசனை இழுத்தால் அந்த ஒருவருக்கே நாளுக்கு 13 சிலிண்டர் போகும். அந்த மெஷின் இரண்டு இலவசமாக வருகிறது என்றால் எல்லோரும் கை தட்டுவார்கள். ஸ்டோர்ஸ்காரர் மட்டும் கை தட்டக்கூடாது.

16 சிலிண்டர் வேண்டும் என்றால் 16 வைத்திருந்தால் போதுமா? போதாது. வாட்டில் ஓடுவது 16, பின்னுக்கு நிறைந்து நிற்பது குறைந்தது 16, லொறியில் போய் நிரப்பி வருவதற்கு இரண்டு நாள் என்றால் வழியில் 32. மொத்தம் 64. வெறும் சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிறைந்ததைத் தருவார்கள், ஆகவே நெருக்கடியில் வாயுவைவிடச் சிலிண்டர்தான் அருமை. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் அடித்து, எது எங்கே என்று எழுதுங்கள். எங்களிடம் மூன்று சிலிண்டர் ஒரு மாதம் காணாமல் போய், பின்னால் எக்ஸ்ரே அறையின் கதவுக்குப் பின்னால் நின்றன.

குழாயில் வருகிற இடங்களில் இன்னொரு வில்லங்கம். குழாய் போடும்போது இத்தனை பேர் ஒரே நேரம் இத்தனை லீற்றர் இழுப்பார்கள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எல்லோரும் இழுக்கும்போது கடைசிக் கட்டிலில் அழுத்தம் விழும். அதனால் கூடுதல் ஒட்சிசன் வேண்டியவர்களை மூலத்துக்குக் கிட்ட வையுங்கள், தேறி வருபவர்களைக் கடைசிக்கு. குழாயைப் பராமரிக்கிற பாஸை அலை வருமுன் கூப்பிட்டு, அழுத்தமானி பார்த்து, ஒழுகல் தேடச் சொல்லுங்கள். சவர்க்கார நீர் போதும், குமிழி வந்தால் ஒழுகல். ஒழுகலை அடைப்பதுதான் இருப்பதிலேயே மலிவான ஒட்சிசன்.

வீணாவதைக் குறைக்க ஒரு ஆளைப் போடுங்கள். அவர் வேலை இதுதான்: ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை கட்டில் கட்டிலாகப் போய், விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் வீதம் பார்க்கிற மீற்றரைப் பார்த்து, 96 வீதத்துக்கு மேல் நிற்பவருக்கு லீற்றரைக் குறைக்கலாமா என்று டொக்டரிடம் கேட்பது. பெரியவர்களில் 92 முதல் 96 வரை இருந்தால் போதும் என்றுதான் வழிகாட்டல்கள் இருந்தன. 99 காட்டினால் சொந்தக்காரருக்குச் சந்தோஷம், ஆனால் பக்கத்துக் கட்டிலுக்குரிய ஒட்சிசனும் அதில்தான் போகிறது. சாப்பிட, கழிவறைக்குப் போக மாஸ்க்கைக் கழற்றியவர்கள் ஒட்சிசன் வால்வை மூட மாட்டார்கள். ஒரு மதியம் நான் ஸ்டொக் எடுக்க வாட்டுக்குப் போனபோது மூன்று மாஸ்க் தலையணையில் கிடந்து 10 லீற்றரில் சீறிக்கொண்டிருந்தன, மூவரும் கழிவறை வரிசையில்.

சிலிண்டர் நிறைய வைத்த அறையில் நெருப்புப் பயம் உண்மையானது. 2021 ஏப்ரலில் பக்தாதில் ஒரு கொவிட் வைத்தியசாலையில் சிலிண்டரில் தொடங்கிய தீயில் 80க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கேத்தல், ஹீற்றர், சாம்பிராணி எதுவும் வேண்டாம். ஆம், சாம்பிராணி. வெள்ளிக்கிழமைகளில் வாட்டு வாசலில் புகை போட்ட ஒருவரோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன்.

காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தருகிற கொன்சென்ட்ரேட்டர் நல்லது, 5 லீற்றர் வரை வேண்டியவர்களை அதில் போட்டால் சிலிண்டர் மிஞ்சும். ஆனால் அது கரண்டில் ஓடுவது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்துவிட வேண்டாம். ஜெனரேட்டருக்கு எத்தனை லீற்றர் டீசல் இருக்கிறது என்பதையும் "எத்தனை நாளைக்கு" நிரலில் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. நாட்டில் ஒட்சிசன் இருந்தாலும் அது உங்கள் வாசலுக்கு வரும் என்று இல்லை. 2021 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து கப்பலில் திரவ ஒட்சிசன் கொண்டுவர வேண்டியிருந்தது. பெரிய தாங்கி உள்ள இடங்களுக்குத்தான் அது முதலில் போகும், அதில் பிழையும் இல்லை. சின்ன இடங்கள் தங்கள் எல்லையை முன்பே முடிவு செய்ய வேண்டும்: இத்தனை லீற்றருக்கு மேல் வேண்டிய நோயாளியை நாங்கள் எடுப்பதில்லை, ஆரம்பத்திலேயே மாற்றிவிடுவோம் என்று. மூச்சு முட்டிய பிறகு 1990 அம்புலன்ஸைக் கூப்பிட்டு இடம் தேடுவது மிகக் கெட்ட நேரத்தில் செய்கிற வேலை.

4. ஆட்கள்: கட்டில் வாங்கலாம், தாதி வாங்க முடியாது

ஒரு இடத்தில் இரவும் பகலும் ஒரு தாதி நிற்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணித்தியாலம். ஒருவர் 48 மணித்தியாலம் வேலை செய்தால் மூன்றரைப் பேர். லீவு, வருத்தம் எல்லாம் சேர்த்தால் நாலரை. ஆகவே வாட்டில் எந்த நேரமும் நாலு பேர் என்றால் ரோஸ்டரில் 18 பேர் வேண்டும். "இன்னும் 10 கட்டில் போடுவோம்" என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் இந்த 18 என்ற எண்ணை மேசையில் வையுங்கள். கட்டிலுக்கு இரும்பு போதும்.

இதில் தொற்று வேறு. 2020 ஒக்டோபரில், மினுவாங்கொடையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று வெடித்த நாட்களில், எங்கள் தாதி ஒருவருக்கு பொசிட்டிவ் வந்தது. வாட்டில் அவர் எல்லாம் சரியாகச் செய்தவர். பிடிபட்டது தேநீர் அறை. சின்ன அறை, ஒரு மேசை, ஒரு பிளாஸ்க், ஆறு பேர் மாஸ்க்கைக் கழற்றி மாலை பிளேன்டீ குடித்திருக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டதும் ஆறு பேரும் 14 நாள் வீட்டில். அடுத்த இரவு வாட்டில் இருவர். நோயாளிகளிடமிருந்து இல்லை, தேநீர் மேசையிலிருந்து வாட்டு படுத்தது.

அதிலிருந்து நாங்கள் செய்தது இது. ஆட்களை மூன்று அணியாகப் பிரித்தோம். ஒரு அணிக்கும் மற்ற அணிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, கைமாற்றம்கூட எழுத்திலும் போனிலும். தேநீர் மொட்டை மாடிக்குப் போனது, கதிரைகள் ஆறடி தள்ளி, ஆளுக்கு ஒரு போத்தல். மழைக்கு ஒரு தகரக் கூரை. அந்தத் தகரத்துக்குச் செலவான காசு அந்த ஆண்டு நாங்கள் செய்த எல்லாச் செலவிலும் பிரயோசனமானது என்று இப்போதும் சொல்வேன். சாதாரண நாளில் அணி பிரித்தால் கொஞ்சம் வீணாகத்தான் தெரியும், மனேஜர் முணுமுணுப்பார். ஒரு அணி முழுதாகப் போனாலும் மற்ற இரண்டு நிற்கும் என்பதைச் சொல்லுங்கள்.

பிபிஈ உடைக்குள் கொழும்பு வெக்கையில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரும் நிற்க வேண்டாம். ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்து வைத்த வாட்டில், அதுதான் காற்றோட்டத்துக்கு நல்லது, உடைக்குள் இருப்பவர் நனைந்துவிடுவார். கழிவறைக்குப் போக முடியாது என்று தண்ணீர் குடிக்காமல் உள்ளே போவார்கள், அதைத் தடுக்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் உள்ளே போகாமல் வெளி வேலை தருவதற்கு ரோஸ்டரில் கேள்வி கேட்காத ஒரு வழி வையுங்கள். ஆண் மேற்பார்வையாளர்களுக்கு இது தோன்றாது, எனக்கும் ஒரு மிஸ் சொல்லித்தான் தெரியும்.

வருவதும் தங்குவதும் அடுத்தது. கொழும்பில் வேலை செய்கிற தாதியரில், சிற்றூழியரில் எத்தனை பேர் கொழும்பில் இருக்கிறார்கள்? கம்பஹா, களுத்துறை, அவிசாவளை, அதற்கும் அப்பால். ஊரடங்கில் பஸ் இல்லை, 2022இல் பெற்றோல் இல்லை. இப்போதே ஒரு தாள் எடுத்து ஒவ்வொருவரும் எங்கிருந்து எப்படி வருகிறார் என்று எழுதுங்கள், வழிகளைச் சேர்த்தால் எத்தனை வான் வேண்டும் என்பது தெரியும். போர்டிங்கில் இருப்பவர்களை வீட்டுக்காரர் வெளியே போகச் சொன்ன கதைகள் அப்போது நிறைய, எங்கள் எக்ஸ்ரே பிள்ளை ஒருத்தி இரவு ஒன்பது மணிக்குப் பெட்டியோடு வந்து நின்றாள். கிட்டத்தில் ஒரு லொட்ஜ் அல்லது சின்ன ஹோட்டலோடு முன்பே பேசி வையுங்கள். நோய் வந்தால் ஹோட்டலும் வெறுமையாகத்தான் இருக்கும், விலை பேசலாம்.

சிற்றூழியரை மறந்துவிடாதீர்கள். துடைப்பவர், சாப்பாடு கொண்டுபோபவர், சிலிண்டர் உருட்டுபவர், பிணவறைக்குத் தள்ளுபவர். இவர்களில் பலர் கொந்தராத்துக் கம்பனியின் ஆட்கள். முதல் பயத்தில் வராமல் விடுபவர்கள் இவர்கள்தான், நியாயமாகவும்தான்: டொக்டருக்கு என்95, இவர்களுக்கு நீல மாஸ்க் என்றால் யார் வருவார்கள்? ஒரே அறைக்குள் போகிறவர்களுக்கு ஒரே பாதுகாப்பு. தடுப்பூசி வரும்போதும் அப்படித்தான், பட்டியலில் கொந்தராத்து ஆட்களின் பெயர் விடுபடும், நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

வாட்டுக்குப் புதியவர்களை, பல் டொக்டரின் உதவியாளர், சத்திரசிகிச்சைக் கூடத்து ஆட்கள் போன்றவர்களை, இழுத்து வரும்போது தனியாக விடாதீர்கள். அனுபவமுள்ள ஒரு தாதிக்குக் கீழே இரண்டு மூன்று பேர். மருந்து அவர் கொடுக்கட்டும், மற்றவர்கள் சூடு, பிரஷர், ஒட்சிசன் அளவு எழுதட்டும்.

5. வாசலில் பிரியுங்கள், டெங்குவை விட்டுவிடாதீர்கள்

காய்ச்சலோடு வருகிறவர் உள்ளே வந்து ஓபிடி பெஞ்சில் மற்றவர்களோடு இருக்கக்கூடாது. வெளியே ஒரு கூடாரம், ஒரு தாதி, இரண்டு கேள்வி, போதும். ஆனால் கொழும்பில் காய்ச்சல் என்றால் எப்போதும் டெங்குவும் மேசையில் இருக்கிறது. 2017இல் நாட்டில் 1,86,000க்கும் அதிகமான டெங்கு நோயாளிகள் பதிவானார்கள், கட்டில் இல்லாமல் நிலத்தில் படுத்த ஆண்டு அது. கொவிட் நெகட்டிவ் என்றதும் வீட்டுக்கு அனுப்பி, இரண்டு நாளில் பிளேட்லெட் விழுந்து அதிர்ச்சியில் திரும்பி வந்தால் என்ன பிரயோசனம்? காய்ச்சல் கூடாரத்தில் இரத்த எண்ணிக்கையும் டெங்குவைக் கண்டுபிடிக்கிற என்எஸ்1 சோதனையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

சந்தேக நோயாளிகளுக்கான கட்டில்களில் பலர் நோயால் இல்லை, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பதால் படுத்திருப்பார்கள். பிசிஆர் முடிவு 24 மணித்தியாலத்தில் வந்தால் ஒரு கட்டில், 72 மணித்தியாலம் என்றால் அதே ஆட்களுக்கு மூன்று கட்டில். ஆய்வுகூடத்தோடு பேசும்போது விலையை மட்டும் பேசாமல் நேரத்தையும் பேசுங்கள்.

6. மற்ற நோயாளிகள் எங்கும் போய்விடவில்லை

டயலிசிஸ் செய்கிறவர் வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் வந்தே ஆக வேண்டும். பிரசவம் ஊரடங்கு பார்க்காது. புற்றுநோய் மருந்துச் சுற்று, தலசீமியாப் பிள்ளைக்கு இரத்தம், இவற்றின் பட்டியலை முதல் வாரமே எடுத்து, பெயர், போன், ஊர் எழுதி, ஊரடங்குப் பாஸுக்குக் கடிதம் அடித்து வையுங்கள். டயலிசிஸுக்குப் பொசிட்டிவ் ஆனவர்களுக்கு ஒரு மெஷினும் கடைசி ஷிப்டும் ஒதுக்குங்கள்.

சீனி, பிரஷர் கிளினிக்காரர்களுக்கு இரண்டு மாத மருந்து சேர்த்துக் கொடுத்தால் வரத்து குறையும். 2020இல் அரச கிளினிக் மருந்துகள் தபாலில் வீட்டுக்குப் போயின. சின்ன இடங்கள் கூரியரில் செய்யலாம், இன்சுலினுக்கு மட்டும் ஐஸ் பெட்டி. ஓரளவு சுகமான தொற்றாளரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிற முறை 2021 நடுவில் 1390 என்ற போன் இலக்கத்தோடு வந்தது. அது முன்பே வந்திருந்தால் கட்டில்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நினைப்பேன். விரல் மீற்றர் இருபது வாங்கி வைத்து வீட்டுக்குக் கொடுத்து வாங்குவது ஒரு கட்டில் போடுவதைவிட மலிவு.

7. குப்பை, துணி, பிணவறை

தொற்றுக் குப்பை போடுகிற மஞ்சள் பை மூன்று மடங்கு போகும், எடுத்துச் செல்கிற கம்பனியோ அதே வாரத்தில் இரண்டு நாள் வராது. பூட்டுகிற, வெயில் படாத ஒரு இடம் ஒதுக்குங்கள். துணி கழுவுகிறவர்கள் பயந்து வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு விடை வேண்டும்.

பிணவறையில் எத்தனை தட்டு? பெரும்பாலான சின்ன இடங்களில் இரண்டு. 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட்டில் இறந்தவர்களை எரிக்க மட்டுமே விட்டார்கள். முஸ்லிம் குடும்பங்கள் உடலைப் பொறுப்பெடுக்க மறுத்ததில் குளிரறைகள் நிறைந்தன. அது குடும்பங்களுக்குச் செய்த அநியாயம் என்பதுதான் முதல் விஷயம். நிர்வாகமாகப் பார்த்தாலும், கொழும்பு மாதிரி ஊரில் இறுதிக் கிரியையைப் பற்றி மேலே எடுக்கிற ஒரு முடிவு கீழே பிணவறைத் தட்டில் வந்து நிற்கும்.

8. வீட்டாரோடு பேச ஒருவர்

பார்வையாளரை நிறுத்தியதும் போன் அடிக்கத் தொடங்கும், வாட்டில் நிற்கிற தாதி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கையுறையைக் கழற்றிப் போன் எடுப்பார். இதற்கென ஒருவரை வெளியே இருத்துங்கள், சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். தினமும் மாலை நாலு மணிக்கு டொக்டரிடம் கேட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே எடுப்பார். சிங்களமும் தமிழும் இரண்டும் தெரிந்தவராக இருக்க வேண்டும். முகத்துவாரத்திலிருந்து வந்த ஒரு அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை, மருந்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பில் இருந்தது. உடைக்குள் இருந்தவர்கள் எல்லோரும் சிங்களத்தில் பேச, முகமும் தெரியாமல், அவர் தன்னை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள் என்று பயந்திருந்தார். மகளை வீடியோவில் எடுத்துக் கொடுத்தோம், அன்றிரவு பாண் சாப்பிட்டார். அதற்குப் பிறகு உடையின் நெஞ்சில் பெயரையும் "தமிழ் கதைப்பேன்" என்பதையும் மார்க்கரால் எழுதினோம்.

9. காசும் கம்பனிகளும்

சாதாரண சத்திரசிகிச்சைகள் நின்றதும் வருமானம் விழும், அதே வாரம் கம்பனிகள் 60 நாள் கடனை நிறுத்திக் கையில் காசு கேட்கும். மூன்று மாதச் சம்பளமும் ஒரு மாத ஸ்டொக்கும் வாங்கப் போதுமான காசைத் தனியாக வையுங்கள் என்று சொல்வேன், வைப்பார்களா என்பது வேறு. ஒவ்வொரு முக்கிய பொருளுக்கும் இரண்டு கம்பனி, அந்த இரண்டும் ஒரே இறக்குமதியாளரிடம் எடுப்பவையா என்று கேளுங்கள். எடுத்தால் அது ஒன்றுதான். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு இல்லாத சரக்கோடு யாராவது வானில் வந்து இறங்கினால், எவ்வளவு அவசரமானாலும், வாங்காதீர்கள். அக்கம்பக்கத்து வைத்தியசாலை ஸ்டோர்ஸ்காரர்களோடு ஒரு வட்ஸ்அப் குழு வையுங்கள். எங்கள் குழுவில் மாஸ்க்கும், இரத்தம் கட்டாமல் போடுகிற ஹெப்பரினும் கைமாறியதில் எத்தனை இரவு தப்பினோம்.

10. அலை இறங்கிய பின்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. எல்லோரும் களைத்திருப்பார்கள், ஸ்டோர்ஸில் பெட்டி பெட்டியாக மிச்சம் இருக்கும், யாருக்கும் திறந்து பார்க்க மனம் இராது. எங்களிடம் 2020இல் பீதியில் வாங்கிய என்95 மாஸ்க்குகள் பெட்டியோடு கிடந்து, 2023இல் எடுத்தபோது பட்டி பொடிந்து கையோடு வந்தது. முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும், ஒதுக்கி வைத்த அவசர ஸ்டொக்கையும் சாதாரண பாவனைக்குள் விட்டுப் புதிதைப் பின்னால் அடுக்க வேண்டும். அவசரத்துக்கென்று பூட்டி வைத்தது அவசரத்தில் கெட்டுப்போயிருக்கும்.

இப்போது நான் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, பின் கார்ட்டுகளைப் பார்க்குமுன், வாட்டுகளுக்குப் போய் சிஸ்டர்மாரிடம் ஒரே கேள்வி கேட்கிறேன்: நாளைக்கு நோயாளிகள் மூன்று மடங்கானால் உங்களிடம் முதலில் எது தீரும்? ஒவ்வொரு முறையும் நான் நினைக்காத ஒன்றைச் சொல்வார்கள். போன மாதம் மூன்றாம் மாடி சிஸ்டர் சொன்னது, விரல் மீற்றருக்குப் போடுகிற ட்ரிபிள் ஏ பற்றரி. இரண்டு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.